பச்சையாக நின்ற தக்காளிச் செடிகள்

முதல் செடி தலை தொங்கியதை நான் பார்த்தபோது காலை பதினோரு மணி இருக்கும். வரப்பிலிருந்து நான்காவது பார் வரிசையில், நுணா மரத்துக்கு நேராக நின்ற செடி அது. இலை மஞ்சளாகவில்லை, புள்ளி விழவில்லை, பூச்சி கடித்த தடமும் இல்லை. பச்சை நிறம் மாறாமலேயே துவண்டு கிடந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினேன். சாயங்காலம் மாட்டை ஓட்டிவரப் போனபோது பார்த்தால் நிமிர்ந்து நின்றது. வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு அது மறுபடியும் சாய்ந்தது. கூடவே பக்கத்தில் இரண்டு செடிகள். மூன்றுமே வரப்போரம். வரப்புக்கு அந்தப் பக்கம் பக்கத்து நிலத்துக்காரருடையது.

அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பெங்களூரில் பல வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் போன பிறகு ஊருக்குத் திரும்பி விவசாயம் செய்கிறார். அவர் மனைவியை அக்கா என்பேன். அந்த இரண்டு பேருக்கும் எங்களுக்கும் அதற்கு முந்தைய வருடம் ஒரு சண்டை நடந்திருந்தது. எங்கள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அவருடைய வேர்க்கடலையை ஒரு மூலை முழுக்க மேய்ந்துவிட்டது. வரப்பில் நின்றபடி அவர் சத்தம் போடவில்லை. "பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். அந்த ஒரு சொல் மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

செடி சாய்வதற்கு நான்கைந்து நாள் முன்னால்தான் அவர் தன் பக்கத்து வரப்புக்குக் களைக்கொல்லி அடித்திருந்தார். வரப்புப் புல் கருகிக் கிடந்தது. மண்ணில் மருந்து வாசனை அப்போதும் இருந்தது. நான் அந்தக் கருகல் எங்கே முடிகிறது, என் செடி எங்கே தொடங்குகிறது என்று அடியால் அளந்து பார்த்தேன். ஏழு அடி. காற்று எங்கள் பக்கம் வீசியிருந்தால் ஏழு அடி ஒரு தூரமா என்ன?

என் வீட்டுக்காரர் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். மலையில் விளைகிற காய், சாமை, பலாப்பழம் எல்லாம் ஏற்றிக்கொண்டு செங்கம் சந்தைக்குப் போய் வருவார். அன்றைக்கு அவருக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். சாயங்காலம் வந்து செடியைப் பார்த்தார்.

"வெய்யிலுக்கு சாஞ்சிருக்கும். உடு" என்றார்.

"மூணும் அவங்க வரப்பாண்டதான் சாஞ்சிருக்குது. மத்த செடிக்கெல்லாம் வெய்யில் அடிக்கலயா?"

அவர் காலால் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு வண்டிக்குப் போனார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வாரத்துக்குள் பதினோரு செடி போய்விட்டது. இப்போது சாயங்காலமும் நிமிரவில்லை. பட்டாணி அளவு பிஞ்சோடு அப்படியே தொங்கின. உரக்கடையில் சொல்லி ஒரு தூள் வாங்கிவந்து வேரில் கரைத்து ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வேறு வேலை ஓடவில்லை. காலையில் சமைத்து வைத்துவிட்டு நேராக நுணா மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். களை எடுக்கிற மாதிரி கையில் களைக்கொத்து இருக்கும். கண் முழுக்க வரப்புக்கு அந்தப் பக்கம்தான்.

அவர் குனிந்தால் எனக்குப் பகீர் என்றது. பாட்டிலைத் திறந்தால் எழுந்து நின்று பார்ப்பேன். ஒருநாள் அவர் மருந்தடிக்கும் மிஷினை வாய்க்காலோரம் வைத்து, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினார். நான் வரப்பேறிப் போய்விட்டேன்.

"இன்னா ணா ஊத்தறீங்க?"

"மிஷின் கழுவறேன்."

"எம்பக்கமா கழுவித்தான் ஊத்தணுமா? ஏற்கனவே பதினோரு செடி செத்துப்போச்சி."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் எழ முடிந்தது.

"இன்னா சொல்ல வர்ற நீ?"

"நான் ஒண்ணும் சொல்லல. செடி சொல்லுது. உங்க வரப்பாண்ட இருக்கறதுதான் சாவுது."

"உன் செடியில நான் கை வெச்சிருந்தா என் கண்ணு அவிஞ்சி போவட்டும்" என்றார். அதற்குள் அக்காவும் வந்துவிட்டார். "ஆட்ட உட்டு மேய்ச்சது பத்தாதுன்னு இப்போ பழி வேற போட வந்துட்டா" என்று அவர் கத்தினார். நானும் கத்தினேன். என்னென்ன பேசினேன் என்று இப்போது எழுதப் பிடிக்கவில்லை. அண்ணாவின் காலைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை வந்துவிட்டது. அது வாயை விட்டுப் போன உடனேயே திரும்ப எடுக்க முடியாது என்று தெரிந்தது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

அதற்கு அடுத்த நாள் ஜமுனாமரத்தூருக்கு பஸ் ஏறினேன். இரண்டு செடியை வேரோடு பிடுங்கி, உரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். விவசாய ஆபீசில் இருக்கும் மேடத்திடம் காட்டி, இது களைக்கொல்லியால் செத்தது என்று எழுதி வாங்கிவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். எழுதி வாங்கி என்ன செய்வேன் என்று யோசிக்கவில்லை. ஒரு காகிதம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேடம் சின்ன வயதுக்காரர். வேறு மாவட்டத்துப் பேச்சு. செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்டைப் பிளந்து உள்ளே இருந்த பழுப்புக் கோட்டைக் காட்டினார்.

"களைக்கொல்லி பட்டா இலை சுருங்கும், வெளுக்கும். இது அப்படி இல்லை. நான் நேர்ல வந்து பாக்கணும். நாளை மறுநாள் உங்க பக்கம் வர்றேன். ஒரு கண்ணாடி டம்ளர், நல்ல தண்ணி, இது ரெண்டும் எடுத்து வைங்க."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மேடத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. யாருக்காவது வேண்டியவராக இருக்குமோ, அண்ணா பக்கமிருந்து யாராவது முன்னாலேயே வந்து பேசியிருப்பார்களோ என்று பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். கொண்டை ஊசி வளைவுகள் எதுவும் எனக்கு நினைவில்லை.

சொன்னபடி மேடம் வந்தார். நிலத்தை ஒரு சுற்று சுற்றினார். செத்த செடிகளை எண்ணினார். எந்த வரிசையில் எது எப்போது சாய்ந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணா கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். மேடம் வந்தது தெரிந்துதான் நிற்கிறார் என்று நான் நினைத்தேன்.

மேடம் ஒரு வாடிய செடியின் தண்டை அடியில் அறுத்து, ஒரு விரல் நீளத் துண்டை எடுத்தார். நான் பிடித்திருந்த டம்ளர் தண்ணீரில் வெட்டு வாய் கீழே இருக்கும்படி தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டாதீங்க. பாத்துக்கிட்டே இருங்க."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு இழை இறங்கியது. பால் சொட்டிக் கரைவதற்கு முன் நூல் மாதிரி நிற்குமே, அப்படி. பிறகு இன்னொன்று. டம்ளரின் அடியில் போய்ப் புகையாகப் படிந்தது.

"இது பாக்டீரியா வாடல். மண்ணுல இருக்கிற கிருமி. வேர் வழியா உள்ள போயி, தண்ணி ஏறுற குழாய்க்குள்ள பெருகும். குழாய் அடைச்சதும் செடிக்குத் தண்ணி ஏறாது. அதான் பச்சையா இருக்கும்போதே சாயுது. நீங்க பாத்ததெல்லாம் கிருமியேதான், கோடிக் கணக்குல."

"அப்போ மருந்து இல்லயா மேடம்? பக்கத்துல அடிச்ச மருந்து?"

"இல்லை."

அண்ணாவுக்கு அது கேட்டது. அவர் முகம் மாறவில்லை.

மேடம் எழுந்து நிலத்தின் நடுப்பகுதிக்கு நடந்தார். அங்கே ஒரு செடி. அந்த நிலத்திலேயே அதுதான் அழகு. இடுப்பளவு வளர்ந்து, குச்சியில் கட்டியும் அடங்காமல் நாலா பக்கமும் கிளை விட்டு, கொத்துக் கொத்தாகக் காய் பிடித்திருந்தது. நான் அதை மட்டும் தனியாக போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தேன்.

"இதை அறுத்துக் குடுப்பீங்களா?"

"இது நல்லா கீது மேடம். இத ஏன் அறுக்கணும்?"

"நல்லா இருக்கான்னு பாக்கத்தான்."

எனக்கு மனசே வரவில்லை. ஒரு கிளை மட்டும் எடுக்கக் கூடாதா என்று கேட்டேன். அடித்தண்டுதான் வேண்டும் என்றார். நானே அறுத்துக் கொடுத்தேன். இலை ஒன்றுகூட சுருங்காத அந்தச் செடி தரையில் கிடக்க, தண்டுத் துண்டைப் புதுத் தண்ணீரில் விட்டார். நான் குந்தி உட்கார்ந்து டம்ளரைப் பார்த்தேன். வரக்கூடாது வரக்கூடாது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நேரமாயிற்று. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் மெல்லிசாக, முதலில் பார்த்ததைவிடப் பாதி கனத்தில், ஒரு வெள்ளை இழை இறங்கியது.

"இதுக்குள்ளயும் இருக்கு. இன்னும் குழாய் அடைக்கலை, அவ்வளவுதான். இன்னும் ஒரு வாரம், பத்து நாள்ல இதுவும் சாஞ்சிருக்கும்."

"எப்போ மேடம் உள்ள போயிருக்கும்?"

"சரியா சொல்ல முடியாது. முதல் செடி சாயறதுக்குப் பல நாள் முன்னாடியே. நீங்க கடைசியா எப்ப களை வெட்டுனீங்க?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் செடி சாய்வதற்கு மூன்று வாரம் முன்னால். அந்தச் சமயம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூ எடுத்த நேரம். நிலத்துக்கு வந்து நின்றாலே மனசு நிறைந்திருக்கும். அந்தப் போட்டோகூட அந்த வாரத்தில் எடுத்ததுதான். நான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அது உள்ளே போய்விட்டிருக்கிறது.

"எந்தப் பக்கமிருந்து களை வெட்ட ஆரம்பிப்பீங்க?"

"வரப்போரமா, நுணா மரத்தாண்டருந்து. காலைல அங்கதான் நெழல் இருக்கும். அப்படியே மேல ஏறிக்கினே போவேன்."

மேடம் செத்த செடிகளைக் கையால் காட்டினார். "பாருங்க. கீழ் மூலையில ஆரம்பிச்சு வரிசையா மேல ஏறியிருக்கு. தண்ணி மேட்டுக்கு ஏறாது. களைக்கொத்து வேர்ல படும்போது காயம் ஆகும். ஒரு வேர்ல இருக்கிற கிருமி கொத்துல ஒட்டிக்கிட்டு அடுத்த வேருக்குப் போகும்."

நான் என் களைக்கொத்தைப் பார்த்தேன். அது நுணா மரத்தில் சாய்ந்திருந்தது.

"மொதல்ல கீழ் மூலைக்கு எப்படி வந்துச்சி? அவங்க நெலத்துலருந்து வந்திருக்குமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அப்போதும் என்னால் விட முடியவில்லை.

"அவர் நிலம் உங்களுக்குக் கீழே இருக்கு. உங்க தண்ணிதான் அங்கே போகும்" என்றார் மேடம். "நாத்துல வந்திருக்கலாம். வெளி மண்ணுல வந்திருக்கலாம். வெளியிலருந்து மண் ஏதாவது கொட்டினீங்களா?"

இல்லை என்றேன். இனி தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் இரண்டு மூன்று வருடம் போட வேண்டாம், சோளமோ சாமையோ போடுங்கள், செத்ததைப் பிடுங்கி எரியுங்கள், தண்ணீர் அடுத்த நிலத்துக்குப் போகாமல் தடுங்கள் என்று சொல்லிவிட்டு மேடம் கிளம்பினார்.

அண்ணா இரண்டு அடி முன்னால் வந்தார். "மருந்து இல்லன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் திரும்பி நடந்துவிட்டார். அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அன்று மத்தியானமே நாற்றுப் பண்ணைக்கு போன் போட்டேன். என்ன நாற்று கொடுத்தீர்கள் என்று சண்டை பிடித்தேன். பண்ணைக்காரர் பொறுமையாக, அதே தட்டு நாற்று வாங்கிய இன்னும் நாலு பேர் ஊர்ப்பெயர் சொன்னார். "போய்ப் பாத்துட்டு வாங்கம்மா" என்றார். அதில் ஒரு நிலம் எங்கள் ஊர் தாண்டி நடக்கிற தூரம்தான். போய்ப் பார்த்தேன். பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு செடி சாயவில்லை. திரும்பி நடந்து வரும்போதுதான், வெளி மண் என்று மேடம் கேட்டது எனக்குச் சுருக்கென்றது.

தங்கச்சி பிரசவத்துக்காக நான் பத்து நாள் அம்மா வீட்டில் இருந்தேன், நடவுக்கு முன்னால். திரும்பி வந்தபோது கீழ் மூலை உயர்ந்திருந்தது. அங்கே மழைத் தண்ணீர் தேங்கும் என்று நான்தான் எப்போதும் குறைப்பட்டுக்கொண்டிருப்பேன். மண் ஏது என்று கேட்டதற்கு, "கெடச்சுது, கொட்டினேன்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குச் சந்தோஷம். அதற்குமேல் கேட்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர் வண்டியிலிருந்து காலி கிரேட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். நானும் ஒன்றைப் பிடித்தேன்.

"கீழ் மூலைக்கு மண் எங்கருந்து கொண்டாந்தீங்க?"

கிரேட்டைக் கீழே வைத்தார். "இன்னாத்துக்கு இப்போ அது?"

"எங்கருந்து?"

"ஆலங்காயத்தாண்ட நம்ம சிநேகிதன் வூடு கட்றான் இல்ல, அங்க கடக்கால் தோண்டின மண்ணு. எடுத்துக்கினு போன்னான். காலி வண்டிதானேன்னு மூணு லோடு அடிச்சேன்."

"கடக்கால் தோண்டறதுக்கு முன்னாடி அங்க இன்னா இருந்துச்சி?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "கத்திரித் தோட்டம்."

"செடி எப்படி இருந்துச்சி?"

"காஞ்சி கெடந்துச்சி. வூடு கட்றதுக்காக தண்ணி உடாம காய உட்டுட்டான்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "மொத செடி சாஞ்சப்பவே எனக்கு லேசா தட்டுச்சி. சொன்னா நீ கத்துவேன்னு உட்டுட்டேன்" என்றார்.

"நான் அவங்கள போய் அவ்ளோ பேச்சு பேசினேனே, அப்பகூட சொல்லத் தோணலயா?"

அவர் அடுத்த கிரேட்டை இறக்கப் போனார். நான் கத்தவில்லை. கத்தினால் அவர் சொன்னது சரியாகிவிடும் என்று தோன்றியது. ஆனால் அடுத்த சில நாள் அவர் என்ன சொன்னாலும் அதற்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்டேன். டீசல் போட நேரமாயிற்று என்றால் எங்கே, யாரோடு என்பேன். போன் வந்தால் யார் என்பேன். அவர் எதையும் மறைக்கவில்லை, எனக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

செத்த செடிகளைப் பிடுங்கியபோது கீழ் வாய்க்காலைப் பார்த்தேன். எங்கள் நிலத்தின் மிச்சத் தண்ணீர் எல்லாம் அந்த மூலை வழியாகத்தான் அண்ணாவின் வாய்க்காலுக்கு இறங்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் அவரும் தக்காளிதான் போட்டிருந்தார், எங்களுக்கு ஒரு மாதம் பின்னால். அப்போதுதான் பூ வைத்துக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை.

"போய் சொல்லப் போறேன்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"உனக்கு புத்தி கீதா? நாளைக்கு அவன் செடி எதுக்கு செத்தாலும் நம்ம தலைலதான் வந்து நிக்கும்."

"செத்தா நம்மளாலதானே சாவும்?"

"அது யாருக்கும் தெரியாது இல்ல?"

அந்தப் பேச்சுதான் என்னைக் கிளப்பிவிட்டது. நேராக அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனேன். அக்கா உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே கடைக்கால் மண், கத்தரித் தோட்டம், வாய்க்கால் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அண்ணாவின் காலைப் பற்றிச் சொன்னதற்குத் தனியாகக் கேட்டேன்.

அண்ணா நாற்காலியில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டார்.

"இப்போ நான் இன்னா பண்ணணும்?"

"வரப்போரம் ரெண்டு பாரு புடுங்கிட்டா நல்லதுணா. எங்க தண்ணி மொதல்ல அங்கதான் பாயும்."

"நல்லா கீற செடிய?"

"பாக்க நல்லாத்தான் இருக்கும்ணா. எங்களுதும் அப்படித்தான் இருந்துச்சி."

அக்கா சிரித்தார். சிரிப்பு நன்றாக இல்லை. "இவங்களுது போச்சி, நம்மளுது நிக்குது. வயிறு எரியுது. அதான் புடுங்கச் சொல்றா."

"இல்லக்கா."

"போன வாரம் நாங்க விஷம் வெச்சோம்ன. இந்த வாரம் உன் மண்ணுல விஷம்ன்ற. அடுத்த வாரம் இன்னா சொல்லுவ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கேட்டதில் தப்பு இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன்.

என் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்தேன். கீழ் மூலை முழுக்கப் பிடுங்கி, காய வைத்து எரித்தேன். வாய்க்கால் வாயை மண் போட்டு அடைத்தேன். வரப்பை ஒட்டி எங்கள் நிலத்துக்குள்ளேயே முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்ட ஆரம்பித்தேன், மழை பெய்தாலும் தண்ணீர் அங்கேயே நிற்கட்டும் என்று. இரண்டாம் நாள் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு மண்வெட்டியோடு வந்தார். நான் கூப்பிடவில்லை. நாங்கள் வெட்டுவதை அண்ணா தினமும் அந்தப் பக்கம் நின்று பார்த்தார். நான் அவரை நோட்டம் விட்ட அதே மாதிரி. பார்க்கிறார் என்று தெரிந்தபோது மண்வெட்டி சரியாகப் பிடிபடவில்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நான்காம் நாள் அவரே கூப்பிட்டார். கையில் கண்ணாடி டம்ளர் இருந்தது.

"அந்த மேடம் பண்ண மாதிரி நீ பண்ணு. என் கண்ணு முன்னால."

வரப்போரத்துச் செடிகளில் மூன்றை அவரே தேர்ந்தெடுத்தார். அவரே அறுத்தார். நான் தொடக்கூடாது என்று நினைத்திருப்பார். தண்டைத் தண்ணீரில் பிடிக்க மட்டும் என்னிடம் கொடுத்தார். அக்காவும் வந்து எனக்குப் பின்னால் நின்றார். மூன்று பேரும் டம்ளரையே பார்த்தோம். ஒன்றுமில்லை. இரண்டாவது. ஒன்றுமில்லை. மூன்றாவதை ரொம்ப நேரம் பிடித்திருந்தேன். கை மரத்துப்போனது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"பாத்தியா?" என்றார் அண்ணா.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் முந்தைய நாள்தான் மேடத்திடம் போனில் கேட்டிருந்தேன். கிருமி கொஞ்சமாக இருந்தால் தண்ணீரில் தெரியாமலும் போகலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அதை மறைக்கவா சொல்லவா என்று தடுமாறி, கடைசியில் சொல்லிவிட்டேன்.

"தெளிவா இருந்தா இல்லன்னு அர்த்தம் இல்லணா. ஆரம்பத்துல தெரியாதாம்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. டம்ளரைப் பிடுங்கித் தண்ணீரைக் கீழே கொட்டினார். "வெள்ளையா வந்தா நோவு. வரலன்னாலும் நோவு. அப்போ எப்பதான் நீ நம்புவ?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. அறுத்துப்போட்ட மூன்று செடியையும் அவர் தூக்கிக்கொண்டு போனார்.

இதெல்லாம் நடந்து இரண்டு நாள் கழித்துக் காலையில் நிலத்துக்குப் போனேன். வரப்புக்கு அந்தப் பக்கம் வெட்டவெளியாக இருந்தது. அவருடைய இரண்டு பாரும் இல்லை. பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகள் ஒரு ஓரமாகக் குவிந்து கிடந்தன. முழங்காலோடு அவர் எப்படிக் குனிந்து அவ்வளவையும் பிடுங்கினார் என்று தெரியவில்லை. அக்கா பிடுங்கியிருக்கலாம். நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நம்பித்தான் பிடுங்கினாரா, பயந்து பிடுங்கினாரா, அதுவும் தெரியாது.

எங்கள் நிலம் கிட்டத்தட்ட முழுக்கப் போனது. மேல் பக்கம் மட்டும் கொஞ்சம் தப்பித்தது, பழம் பறித்தோம். அவர் நிலத்தில், பிடுங்கிய பாருக்கு அடுத்த வரிசையில், மூன்று வாரம் கழித்து ஐந்து செடி பச்சையாகவே சாய்ந்தது. எண்ணியது நான்தான். வரப்பிலிருந்தே எண்ணினேன். அவர் அன்றைக்கே அந்த ஐந்தையும் சுற்றியிருந்ததையும் எடுத்து எரித்துவிட்டார். மற்றதெல்லாம் நின்றது. அறுவடைக்கு அவர் வேறு வண்டிதான் பேசினார். பாதியில் அந்த வண்டி பழுதாகிவிட்டதால் மிச்சத்தை என் வீட்டுக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். ஏற்றும்போது இரண்டு ஆம்பளைகளும் மழையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

இந்த வருடம் இரண்டு நிலத்திலும் சோளம். வீட்டுக்காரர் இப்போதெல்லாம் யாராவது எருவோ மண்ணோ தருகிறேன் என்றால் முதலில் எனக்கு போன் போடுகிறார். அங்கே என்ன பயிர் இருந்தது, எப்படி முடிந்தது என்று நான் கேட்கிற கேள்வியை ஸ்பீக்கரில் போட்டு எதிரில் இருப்பவருக்கும் கேட்க வைக்கிறார். ஊரில் சிரிக்கிறார்கள். எனக்கு எந்தப் பச்சையைப் பார்த்தாலும் முன்பு போல மனசு உடனே நிறைவதில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

போன வாரம் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது அக்கா வாசலிலிருந்து கூப்பிட்டார். சண்டைக்குப் பிறகு அந்த வாசலிலிருந்து என்னை அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பெயின்ட் வாளியில் ஒரு மிளகாய்ச் செடி வைத்திருந்தார். தளதளவென்று வளர்ந்து காய்த்திருந்தது.

"இந்தாம்மா, இது நெஜமாவே நல்லா கீதா, இல்ல நடிக்குதா?"

நான் குனிந்து அடித்தண்டைப் பார்த்தேன். இலையைத் திருப்பிப் பார்த்தேன்.

"தெரியலக்கா. அறுத்துப் பாத்தாதான் தெரியும்."

"அறுத்துட்டு நான் கொழம்புக்கு இன்னா போடறது?" என்று சொல்லி, ஒரு பிடி மிளகாய் பறித்து என் முந்தானையில் போட்டார்.